கைகாட்டியும் 43-ஆம் நம்பரும்

எங்க டீம்ல நாலு பேர். மூணு பேருக்கு ஓஎஸ் லேப் பிடிக்காது. நாலாவது ஆள் நான். எனக்குப் பிடிக்கும், ஆனா வராது. போன வருஷம் மினி ப்ராஜெக்ட்டுக்கு எக்ஸ்வி6-ஐ எடுத்ததுக்கு ஒரே காரணம், அது சின்னது. எம்ஐடி-யில 2006-ல பாடம் நடத்துறதுக்காகவே எழுதின கெர்னல். 1975-ல வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்போட அமைப்பை வச்சு, இன்னைக்கு இருக்கிற மெஷினுக்கு ஏத்த மாதிரி திருப்பி எழுதியிருக்காங்க. மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டா ஒரு ரெக்கார்டு நோட்டு அளவுக்குத்தான் வரும். இதைக்கூட படிக்க முடியாதான்னு நினைச்சோம்.

எக்ஸ்வி6-ல யூசர் புரோகிராம்களுக்கு செமஃபோர் கிடையாது. அதைச் சேர்க்கிறதுதான் எங்க வேலை. கெர்னலுக்குள்ள 16 செமஃபோர் இருக்கிற ஒரு பொது டேபிள். எந்தப் புரோகிராம் வேணாலும் நம்பரைச் சொல்லி வாங்கிக்கலாம், காத்திருக்கலாம், இன்னொருத்தரை எழுப்பலாம். டெஸ்ட் பண்ண ஒரு புரொட்யூசர், ரெண்டு கன்சூமர். ரெண்டு நாள்ல எழுதி முடிச்சு, ஓடவும் செஞ்சிருச்சு. அந்த சந்தோஷத்துல போய் பரோட்டா சாப்பிட்டோம். திரும்பி வந்து இன்னொரு தடவை ஓட்டினா தொங்கிருச்சு.

தொங்கிருச்சுன்னா எர்ரர் இல்ல, பேனிக் இல்ல. சும்மா நிக்குது. கர்சர் மட்டும் மினுக்கு மினுக்குன்னு. நாப்பது தடவை ஓட்டினா ஒரு தடவை இப்படி. எங்க நிக்குதுன்னு பார்க்கலாம்னு நடுவுல பிரிண்ட்எஃப் போட்டா தொங்கவே மாட்டேங்குது! பிரிண்ட்எஃப்பை எடுத்தா மறுபடியும் தொங்குது. "அப்ப பிரிண்ட்எஃப்போடவே சப்மிட் பண்ணிரலாம்லே"ன்னு ஒருத்தன் சீரியஸாவே சொன்னான். மூணு ராத்திரி போச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு பஸ் ஏறிட்டேன். ஊர் சங்கரன்கோவில்.

சனிக்கிழமை தாத்தாவுக்கு சுகர் செக்கப். அம்மாவால லீவு போட முடியல. "நீதான் கூட்டிட்டுப் போகணும்"னு சொல்லிட்டாங்க.

தாத்தாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டினவர். எங்க ஊர்ல சில தெருவுக்குள்ள போனா பேசுறது காது கேக்காது, வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். தாத்தா ஒரே நேரத்துல நாலு தறி பார்ப்பார். ஒவ்வொரு தறிக்கும் போய்ப் போய் நின்னு பார்க்க மாட்டார். உட்கார்ந்து தார் மாத்திக்கிட்டோ டீ குடிச்சுக்கிட்டோ இருப்பார். ஊடை நூல் அறுந்தா தறி தானா நின்னுரும். நாலு தறிச் சத்தம் மூணு தறிச் சத்தமா ஆன அந்த நிமிஷம் எழுந்திருவார், எது நின்னுச்சுன்னு பார்க்காமலேயே சரியா அதுக்கிட்ட போவார். சின்ன வயசுல எனக்கு அது மேஜிக் மாதிரி இருக்கும். ஓஎஸ் கிளாஸ்ல போலிங், இன்ட்டரப்ட்னு நடத்தினப்ப மத்தவங்க நோட்ஸ் எழுதிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு தாத்தாதான் ஞாபகத்துக்கு வந்தார். அதே தறிதான் அவர் காதையும் எடுத்துக்கிச்சு. இப்ப பக்கத்துல நின்னு சத்தமா சொன்னாத்தான் கேக்கும். மிஷின் வாங்கிக் கொடுத்தா பீரோவுக்குள்ள பத்திரமா வச்சிருக்கார்.

காலையில எட்டரைக்குப் போனோம். வெறும் வயித்துல ரத்தம் எடுத்தாங்க. டோக்கன் நம்பர் 43. மூணு டாக்டருக்கும், லேபுக்கும், மருந்து வாங்குற இடத்துக்கும் சேர்த்து ஒரே ஹால், அதே பெஞ்சுகள். தாத்தாவை உட்கார வச்சுட்டு, "வெளியில வேப்பமரத்தடியிலதான் இருக்கேன் தாத்தா, கூப்பிட்டா போன் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். டீம்மேட் லைன்ல இருந்தான். லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு கெர்னல் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

பன்னெண்டரை மணிக்கு ஹாலுக்குள்ள ஏதோ சத்தம். யாரோ ஒரு பெரியவர் பெஞ்சுல இருந்து சரிஞ்சுட்டார்னு சொன்னாங்க. யாரோ ஒரு பெரியவர்னுதான் நானும் எட்டிப் பார்த்தேன்.

சட்டை முழுக்க வேர்வை, கை நடுங்குது. ரத்தம் எடுத்து முடிஞ்சதுமே, சாப்பிடப் போறோமேன்னு சுகர் மாத்திரையைப் போட்டிருக்கார். சாப்பிடப் போனா நம்பர் போயிருமேன்னு போகவே இல்ல. பக்கத்துல இருந்த ஒரு அம்மா பேரன் பையில இருந்து மிட்டாய் எடுத்து வாயில போட்டாங்க, நர்ஸ் சீனித் தண்ணி கொடுத்தாங்க, பத்து நிமிஷத்துல கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நம்பர் வந்துட்டா எய்யா?"ன்னு கேட்டார். அப்ப 71 ஓடிக்கிட்டு இருந்துச்சு.

குளுக்கோஸ் ஏத்திப் படுக்க வச்சிருந்தப்ப என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். தாத்தா வரிசையா சொன்னார். பத்து மணி சுமாருக்கு எழுந்து போய் டோக்கன் கூப்பிடுற பையன்கிட்ட, "எய்யா, 43 வந்துட்டா?"ன்னு கேட்டிருக்கார். "இன்னும் இல்ல, போய் உட்காருங்க"ன்னு அவன் சொல்லியிருக்கான். பொய் இல்ல, அப்ப 40 உள்ள இருந்துச்சு. தாத்தா திரும்பி, கூட்டத்துக்குள்ள மெதுவா நடந்து பெஞ்சுக்கு வந்திருக்கார். அந்த நடையிலதான் எல்லாம் போச்சு. 41-ம் 42-ம் ஆள் இல்ல. 43-ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கான். அதுவும் ஆள் இல்லைன்னு 44-க்குப் போயிட்டான். விட்டுப்போன நம்பரைத் திருப்பிக் கூப்பிடுற வழக்கம் அங்க இல்ல. அதுக்கப்புறம் தாத்தா பெஞ்சுல வந்து உட்கார்ந்து, காத்திருக்க ஆரம்பிச்சிருக்கார். ஏற்கெனவே வந்து போயிட்ட ஒரு அழைப்புக்காக ரெண்டரை மணி நேரம்.

"இன்னொரு தடவை போய்க் கேட்டிருக்கலாம்ல தாத்தா?"

"ஒருக்கா கேட்டாச்சுல்லா. திருப்பித் திருப்பிக் கேட்டா அந்தப் பையனுக்கு எரிச்சல் வராதா?"

இப்ப நான் சொல்லப் போறது எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு. தாத்தா கையில ஊசி குத்தியிருக்கு, குளுக்கோஸ் சொட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு அழுகை வரணும். ஆனா என் மண்டைக்குள்ள ஓடினது, "கேட்டதுக்கும் உட்கார்ந்ததுக்கும் நடுவுல." எங்க கோடுல நாங்க செஞ்சதும் அதுதான்.

ஓஎஸ் படிக்காதவங்களுக்காக இதைக் கொஞ்சம் பிரிச்சுச் சொல்றேன். எக்ஸ்வி6-ல காத்திருக்கிறதுக்கு மொத்தமே ரெண்டு ஃபங்ஷன்தான். ஒண்ணு ஸ்லீப், இன்னொண்ணு வேக்அப். தூங்கப் போற புரோசஸ் ஒரு அட்ரஸைச் சொல்லிட்டுத் தூங்கும். அதுக்குப் பேரு சேனல். எழுப்புறவன் அதே அட்ரஸைச் சொல்லி வேக்அப் கூப்பிடணும். டிஸ்க்குக்காக காத்திருக்கிறவன், பைப்புல டேட்டா வர காத்திருக்கிறவன், பிள்ளை புரோசஸ் முடியட்டும்னு காத்திருக்கிற அப்பா புரோசஸ், கீபோர்டுக்காக காத்திருக்கிற ஷெல், இத்தனை பேருக்கும் இந்த ரெண்டே ஃபங்ஷன். தனித்தனி க்யூ கிடையாது. புரோசஸ் டேபிள்ல 64 இடம், வேக்அப் வந்தா அந்த 64-ஐயும் ஒண்ணு ஒண்ணா பார்த்து, "நீ தூங்குறியா? இந்தச் சேனல்லயா?"ன்னு கேட்டு எழுப்பும். ஆஸ்பத்திரி ஹால் மாதிரியேதான். எல்லாருக்கும் ஒரே பெஞ்சு. யாரு எதுக்கு உட்கார்ந்திருக்காங்கன்னு அவங்கவங்க கையில இருக்கிற சீட்டுலதான் இருக்கு.

எங்க செமஃபோர்ல வெயிட் இப்படி இருந்துச்சு: லாக்கைப் பிடி. எண்ணிக்கை பூஜ்யமான்னு பாரு. பூஜ்யம்னா லாக்கை விடு. போய்த் தூங்கு. எழுப்புறவன் பக்கம்: லாக்கைப் பிடி, எண்ணிக்கையை ஒண்ணு கூட்டு, லாக்கை விடு, வேக்அப் கூப்பிடு. படிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் லாக்கை விட்டதுக்கும் தூங்கினதுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கே, அந்த நேரத்துல இன்னொரு சிபியூ-ல எழுப்புறவன் வந்து, கூட்டி, வேக்அப்பும் கூப்பிட்டுப் போயிட்டான்னா? அப்ப தூங்குறவன்னு யாருமே இல்ல, அதனால யாரும் எழல. அப்புறம் நான் போய்த் தூங்குறேன். இனி எழுப்ப ஆள் வராது. லாஸ்ட் வேக்அப்னு இதுக்குப் புத்தகத்துலயே பேர் இருக்கு. பரீட்சையில ரெண்டு மார்க்குக்கு எழுதியிருக்கேன். எழுதின கைதான் அந்தக் கோடையும் எழுதிச்சு.

ஏன் லாக்கை முன்னாடியே விட்டோம்? "ஸ்பின்லாக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கக் கூடாது"ன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தோம். விதி சரிதான். ஆனா எக்ஸ்வி6-ல ஸ்லீப்புக்கு ஒரு லாக்கைக் கையில கொடுத்தே ஆகணும். எதுக்குக் கேக்குதுன்னு நாங்க யோசிக்கவே இல்ல. கேக்குதேன்னு ஒரு டம்மி லாக்கை உருவாக்கிக் கொடுத்துட்டோம்! அது கேட்டது செமஃபோரோட லாக்கை. அதைக் கையில வாங்கிக்கிட்டு, முதல்ல புரோசஸோட சொந்த லாக்கைப் பிடிக்கும், அதுக்கப்புறம்தான் நம்ம லாக்கை விடும், தூங்குறான்னு குறிக்கும். எழுப்புறவனும் அந்தப் புரோசஸ் லாக்கைப் பிடிச்சுத்தான் பார்க்க முடியும். அதனால அவன் ஒண்ணு, நான் பார்க்கிறதுக்கு முன்னாடியே கூட்டியிருப்பான். இல்லைன்னா நான் முழுசா தூங்கின அப்புறம்தான் வருவான். நடுவுல நுழைய இடமே இருக்காது. பிரிண்ட்எஃப் போட்டா ஏன் தொங்கலைங்கிறதுக்கும் அப்பத்தான் விடை கிடைச்சுது. அது எல்லாரையும் மெதுவாக்கி, அந்த இடைவெளியில ரெண்டு பேர் சந்திச்சுக்கிறதைத் தள்ளிப் போட்டிருக்கு, அவ்வளவுதான்.

அன்னைக்கு ராத்திரி திருத்தினது மூணே வரி. விடியுற வரை லூப்ல ஓட விட்டேன், தொங்கல. டீம் குரூப்ல போட்டேன். "செம மச்சி, எப்படிடா கண்டுபிடிச்ச?"ன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்தப்ப தோணுச்சுன்னு மட்டும் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை தாத்தா கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு, "ராத்திரி பூரா என்னதான் அதுல செஞ்ச?"ன்னு கேட்டார். அதுதான் எனக்குப் பெரிய வைவா. எல்கேஜி-யில இருந்து இங்கிலீஷ் மீடியம். செமஃபோர்னு ஆரம்பிச்சேன், அடுத்த வார்த்தை வரல. பேச்சுத் தமிழ் வருது, கெர்னல் இங்கிலீஷ் வருது, ரெண்டையும் ஒட்டவைக்கிற தமிழ் என்கிட்ட இல்ல. அகராதியில போய் செமஃபோருக்குத் தமிழ் என்னன்னு தேடினேன். கைகாட்டின்னு வந்துச்சு.

"கைகாட்டி மரமா? நம்ம ஸ்டேஷன்ல இருந்துச்சே!"ன்னார் தாத்தா. அப்புறம் நான் எங்க பேச, அவர்தான் பேசினார்.

விருதுநகர்ல இருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி வழியா செங்கோட்டை போற பாதை ஒத்தைத் தண்டவாளம். பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறினவங்களுக்குத் தெரியும், எதிர்ல வர்ற வண்டிக்காக ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல நிக்கும். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் இருக்கலாம். கெர்னல்காரங்க கிரிட்டிகல் செக்‌ஷன்னு சொல்றது அப்படியே இதுதான், ரயில்வேக்காரங்களும் அதை செக்‌ஷன்னுதான் சொல்றாங்க. கை இறங்கினா வண்டி வரலாம்னு அர்த்தம். டச்சுக்காரர் டைக்ஸ்ட்ரா 1960-கள்ல புரோகிராம்கள் ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்க ஒரு எண்ணை வச்சு வழி கண்டுபிடிச்சப்ப, அதுக்கு வச்ச பேர் இந்தக் கைகாட்டியோட பேர்தான். பாடத்துல பி, வி-ன்னு ரெண்டு எழுத்து வருமே, ரெண்டும் டச்சு வார்த்தைகளோட முதல் எழுத்து. நான் ரொம்ப நாளா அது ஏதோ இயற்பியல் குறியீடுன்னு நினைச்சிருந்தேன்.

தாத்தா சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பந்து. சின்ன வயசுல ஸ்டேஷன்ல பார்த்திருக்கார்: பிரம்பு வளையத்துல ஒரு பை தொங்கும், அதை ஸ்டேஷன் ஆள் நீட்டிக்கிட்டே நிப்பார், டிரைவர் வண்டி ஓட ஓட கையை விட்டு வாங்கிக்குவார். பைக்குள்ள என்னன்னு அவருக்குத் தெரியாது. நான் தேடிப் பார்த்துச் சொன்னேன்: இரும்புப் பந்து. நீல்ஸ் பால் டோக்கன்னு பேர். ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒரு மெஷின் இருக்கும், ரெண்டும் கம்பி வழியா பேசிக்கும். ரெண்டு மெஷின்லயும் சேர்த்து ஒரு நேரத்துல ஒரு பந்துதான் வெளியில வர முடியும். அந்தப் பந்து கையில இருந்தாத்தான் வண்டியை எடுக்கணும். அடுத்த ஸ்டேஷன்ல கொடுத்து அங்க இருக்கிற மெஷினுக்குள்ள போட்டாத்தான் அடுத்த பந்து வரும்.

இதைவிட சுத்தமான மியூட்டெக்ஸ் விளக்கத்தை நான் எந்தப் பிபிடி-யிலயும் பார்க்கல. யார்கிட்ட லாக் இருக்குன்னு தனியா எழுதி வைக்க வேண்டாம், பந்து யார் கையில இருக்கோ அவர்தான்.

"டிரைவரு பந்தோட நடுக்காட்டுல நின்னுட்டாருன்னா?" தாத்தா கேட்டார். "அப்ப யாரும் போக முடியாது. எல்லாரும் நிக்க வேண்டியதுதான்." "அப்ப கம்ப்யூட்டர்லயும் அப்படித்தானா?" அப்படித்தான். லாக்கைப் பிடிச்ச புரோகிராம் செத்துப்போனா என்ன செய்யுறதுன்னு லினக்ஸ்ல அதுக்குன்னே தனியா வேலை பார்த்து வச்சிருக்காங்க. தாத்தா விவரமில்லாம கேட்ட கேள்வி இல்ல அது.

லினக்ஸ் பல சிபியூ-ல ஓட ஆரம்பிச்ச 2.0 காலத்துல, 1996-ல, மொத்தக் கெர்னலுக்கும் பந்து ஒண்ணே ஒண்ணுதான். பிக் கெர்னல் லாக். ஒருத்தன் உள்ள இருந்தா மத்தவன் எல்லாம் வெளியில. விருதுநகர்ல இருந்து செங்கோட்டை வரைக்கும் ஒரே செக்‌ஷனா வச்சு ஒரு வண்டி ஓட்டுற மாதிரி. அதைக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு, ஒவ்வொரு பகுதிக்கும் சின்னச் சின்ன லாக்கா மாத்தி, முழுசா தூக்கி எறிய 2011 ஆயிருச்சு. பதினஞ்சு வருஷம்! எங்க மூணு ராத்திரியை நினைச்சு அப்பக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

ஆனா லாக்கைப் பிரிச்சா இன்னொரு பிரச்சினை. லட்சக்கணக்குல லாக் வந்தா, லட்சக்கணக்குல காத்திருப்பு க்யூவும் வேணுமா? ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 8 ஜிபி ராம்ல 4 கேபி பக்கம் 20,97,152 இருக்கு. ஒவ்வொரு பக்கமும் டிஸ்க்ல இருந்து வர்ற வரைக்கும் யாராவது காத்திருக்கலாம். பக்கத்துக்கு ஒரு க்யூ தலைன்னு 24 பைட் வச்சா 48 எம்பி. அதுல ஒரு நேரத்துல நிஜமா ஆள் நிக்கிற க்யூ விரல் விட்டு எண்ணுற அளவுதான் இருக்கும். அதனால லினக்ஸ் இத்தனை லட்சம் பக்கத்துக்கும் சேர்த்து 256 க்யூதான் வச்சிருக்கு. அட்ரஸை ஒரு ஹேஷ்ல போட்டு, எந்த க்யூன்னு கண்டுபிடிச்சு அங்க போய் நிக்கணும். யூசர் புரோகிராம் லாக்குக்கு 2002-ல வந்த ஃபியூடெக்ஸும் இதே யோசனைதான்: போட்டியே இல்லைன்னா கெர்னலுக்கு அந்த லாக் இருக்கிறதே தெரியாது, காத்திருக்க ஆள் வந்தா மட்டும் பொது டேபிள்ல ஒரு க்யூவுல போய் நிக்கும்.

பொது க்யூவுல சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. இது எங்க ஊர்க்காரங்களுக்குப் புதுசு இல்ல. சங்கரன்கோவில்ல எந்த ஹால்ல வேணாலும் போய் "கோமதி"ன்னு கூப்பிட்டுப் பாருங்க. கோமதியம்மன் ஊரு. நாலு பேர் எழுந்திருப்பாங்க. "சங்கர்"னு கூப்பிட்டா பாதி ஹால் எழுந்திரும். அந்தச் சனிக்கிழமைகூட லேப்ல "கோமதி, சுகர் ரிசல்ட்"னு கூப்பிட்டதுக்கு மூணு அம்மா எழுந்து போய், சீட்டைக் காட்டி, ரெண்டு பேர் திரும்பி வந்து உட்கார்ந்தாங்க. அவங்க தப்பு ஒண்ணும் இல்ல. எழுந்தவுடனே, வந்த வேலை முடிஞ்சதுன்னு நினைக்காம சீட்டைச் சரிபார்த்து, தனக்கு இல்லைன்னா திரும்ப உட்காரணும். கோடுல இஃப் போடாம வைல் போடச் சொல்றது இதுக்குத்தான். எங்க புரோகிராம்லயும் கன்சூமர் ரெண்டு பேர். வேக்அப் ரெண்டு பேரையும் எழுப்பிரும், சரக்கு ஒண்ணுதான். முதல் வெர்ஷன்ல இஃப்தான் இருந்துச்சு, எண்ணிக்கை மைனஸ் ஒண்ணுக்குப் போச்சு. அதை மட்டும் சாதாரணமாவே கண்டுபிடிச்சோம். லினக்ஸ் இன்னும் கொஞ்சம் விவரமா, "கோமதி, கரிவலம்வந்தநல்லூர்"னு சேர்த்துக் கூப்பிடுற மாதிரி, எழுப்புறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கத்துக்காக நிக்கிறான்னு பார்த்துட்டு எழுப்பும்.

சோலாரிஸ்லயும் ஃப்ரீபிஎஸ்டி-யிலயும் வேற மாதிரி. படிச்சப்ப சிரிச்சுட்டேன், ஏன்னா அது ஆடித்தபசு. திருவிழாவுக்கு வெளியூர்ல இருந்து வர்ற கூட்டம் ராத்திரி தங்க ஆளுக்கொரு பாயோட வரும். ஃப்ரீபிஎஸ்டி-யில ஒவ்வொரு த்ரெட்டும் பிறக்கும்போதே ஒரு ஸ்லீப் க்யூவோட பிறக்கும். ஒரு சேனல்ல முதல்ல தூங்க வர்றவன் தன் க்யூவை விரிப்பான். அடுத்து வர்றவங்க அதுலயே படுத்துக்கிட்டு, தங்களோட பாயைச் சுருட்டி ஓரமா வச்சிருவாங்க. எழுந்து போறவன் அந்தச் சுருட்டி வச்சதுல ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போவான். கடைசி ஆள் விரிச்சு வச்சதை எடுத்துக்கிட்டுப் போவான். கொண்டு வந்த பாயே திரும்பக் கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல, ஆனா எல்லார் கையிலயும் ஒரு பாய் இருக்கும். ஆளை விட பாய் குறையவே குறையாது. லாக் எத்தனை கோடி இருந்தா என்ன, த்ரெட் எண்ணிக்கைக்குத்தான் க்யூ.

(ஆடித்தபசுல சிலர் உட்காரவே மாட்டாங்க. கோயிலைச் சுத்தி ஆடிச்சுத்து சுத்துவாங்க, 101, 501-ன்னு கணக்கு வச்சு. அம்மாவும் சுத்தியிருக்காங்க. எக்ஸாம்ல ஸ்பின்லாக்குக்கு உதாரணம் கேட்டா இதை எழுதலாமான்னு யோசிச்சேன். மார்க் போட மாட்டாங்க.)

லினக்ஸ் லாஸ்ட் வேக்அப்பைத் தவிர்க்கிற விதம் எக்ஸ்வி6 மாதிரி இல்ல. அது வரிசையை மாத்துது. பார்த்துட்டு க்யூவுக்குப் போகாது. முதல்ல க்யூவுல பேரைப் போடும், தூங்குறேன்னு குறிச்சிக்கும், அதுக்கப்புறம்தான் நம்பர் வந்துட்டான்னு பார்க்கும். நடுவுல யாராவது எழுப்பியிருந்தா, தூங்குறேன்னு போட்ட குறியை அவன் அழிச்சிருப்பான், அதனால படுத்தாலும் தூக்கத்துக்குப் போகாது. இதை நான் தாத்தாகிட்ட விளக்கினப்ப ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு. மூணாவது தடவை அவரே சொன்னார்: "அப்படின்னா நான் எடத்துல உக்காந்துட்டுல்லா கேட்டிருக்கணும்."

வைவாவுல எங்களுக்கு நல்ல மார்க். "ஹவ் டிட் யூ டீபக் திஸ்?"னு கேட்டாங்க. சிபியூ எண்ணிக்கையை 1-க்கு இறக்கி ஓட்டிப் பார்த்தோம், 3 வச்சா அடிக்கடி தொங்குது, அதுல இருந்து யோசிச்சோம்னு இங்கிலீஷ்ல அழகா சொன்னேன். அதுவும் நிஜம்தான், அதையும் செஞ்சிருந்தோம். வேப்பமரத்தடியை யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட, "கொஞ்ச நேரம் வெளியில போயிருந்தேன்"னுதான் சொன்னேன். தாத்தாவும் காட்டிக் கொடுக்கல. மூணரை மணி நேரத்துல ஒரு தடவை உள்ள எட்டிப் பார்த்திருந்தா போதும். போலிங் வேஸ்ட்டுன்னு படிச்சவன்.

அடுத்த மாசம் செக்கப்புக்கும் நான்தான் போனேன். லேப்டாப் கொண்டு போகல. இட்லியைக் கட்டிக் கொண்டு போயிருந்தோம், ரத்தம் எடுத்ததும் தாத்தா அங்கேயே சாப்பிட்டார். டோக்கன் 17. சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு நேரா டோக்கன் பையன் மேஜைக்குப் போய், பக்கத்துல கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துக்கிட்டார். சீட்டை மேஜை மேல வச்சார்.

"எய்யா, நான் 17. காது கேக்காது. இங்கனதான் இருக்கேன். இப்பச் சொல்லு, 17 போயிட்டா?"

"பெரியவரே, பெஞ்சுல போய் உட்காருங்க, கூப்பிடுவோம்."

"இல்லய்யா, கூப்பிட்டா கேக்காது. தொட்டு எழுப்பு."

பையன் என்னைப் பார்த்தான். நான் தாத்தாவைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில இருந்து காது மிஷின் டப்பாவை எடுத்து, திறந்து பார்த்துட்டு, மூடி உள்ள வச்சார். 15 உள்ள போயிருந்துச்சு.